கிருமி இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான்



இந்தச் சொற்பொழிவு யார் நினைவாக நடக்கிறதோ, அந்தப் பேராசிரியரிடம் நுண்ணுயிரியல் படித்தவன் நான். வாய்மொழித் தேர்வில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நுண்ணோக்கியில் ஒரு ஸ்லைடை வைத்துவிட்டு, என்ன தெரிகிறது என்று கேட்பார். கிருமியின் பெயரைச் சொல்லிவிட்டு நாங்கள் நகரப் பார்ப்போம். “நில்லுங்க. இது எதுக்குச் சாகும்?” என்பார். அதற்கும் விடை சொன்னால்தான் விடுவார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு, இரைப்பைக் கிருமியைப் பற்றிப் பேச என்னை அழைத்தபோது அந்தக் கேள்விதான் முதலில் காதில் விழுந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் பயிற்சி மருத்துவனாக இருந்த அறுவைச் சிகிச்சை வார்டை இன்றைய மாணவர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வரிசையாகக் குடற்புண் நோயாளிகள். முன்சிறுகுடலில் புண் வந்து, ஆறி, திரும்ப வந்து, கடைசியில் தழும்பு இறுகி இரைப்பையின் வாசல் அடைத்துப் போனவர்கள். எலும்பும் தோலுமாக இருப்பார்கள். நேற்று மத்தியானம் சாப்பிட்ட சோறு இன்று மாலை வாந்தியில் அப்படியே வரும். போர்வையை விலக்கினால், மேல்வயிற்றில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஒரு அலை நகர்வது வெறும் கண்ணுக்கே தெரியும். இடுப்பைப் பிடித்து மெல்லக் குலுக்கினால், அரைக்குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது கேட்குமே, அந்தச் சத்தம் கேட்கும். அமிலத்தைச் சுரக்கச் சொல்லும் வேகஸ் நரம்பை வெட்டிவிட்டு, இரைப்பையைச் சிறுகுடலோடு நேராக இணைத்துத் தைப்போம். வாரத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கவும் நேரமிருக்காது.

ஏன் வந்தது என்று நோயாளி கேட்டால் எங்களிடம் ஆயத்தமாக விடை இருந்தது. காரம், பட்டினி, பீடி, கவலை. தென்னிந்தியாவில் மட்டும் ஏன் இவ்வளவு என்ற கேள்விக்கும் ஆய்வு நடந்தது. மைசூரில் பணியாற்றிய ஃபிராங்க் டோவி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், அரிசி உண்ணும் தெற்கில் முன்சிறுகுடல் புண் மிகுதி, கோதுமை உண்ணும் வடக்கில் குறைவு என்று வரைபடமே போட்டுக் காட்டினார். அவர் பார்த்த வேறுபாடு உண்மை. உணவுக்கு அதில் பங்கு இருக்கலாம் என்றே நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த வார்டில் படுத்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இரைப்பைச் சளிப்படலத்தின் அடியில் ஒரு கிருமி வாழ்ந்துகொண்டிருந்தது என்பது எங்களில் எவருக்கும் தெரியாது. நாங்கள் வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிய திசுக்களிலும் அது இருந்திருக்கும். எவரும் தேடவில்லை.

தேடாததற்குக் காரணம் இருந்தது. அமிலம் ஊறும் இடத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்பது பாடம். அந்தப் பாடத்தை உறுதிப்படுத்திய ஆய்வு ஒன்றும் இருந்தது. 1954இல் பால்மர் என்ற அமெரிக்க மருத்துவர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரைப்பைத் திசுக்களைப் பார்த்துவிட்டு, அங்கே கிருமி குடியிருப்பதற்குச் சான்று இல்லை என்று எழுதினார். அவர் பார்த்தது வழக்கமான சாயத்தில். அந்தச் சாயத்தில் இந்தக் கிருமி எளிதில் பிடிபடாது. அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியில் பிட்சோசெரோ நாயின் இரைப்பையில் சுருள் வடிவக் கிருமிகளை வரைந்தே காட்டியிருந்தார். ஆனால் ஒரு பெரிய எண்ணிக்கையோடு வந்த ‘இல்லை’ என்ற விடை, கால் நூற்றாண்டுக்கு அந்தக் கதவைச் சாத்தி வைத்தது. கிரேக்க நாட்டில் லைகூடிஸ் என்ற ஊர் மருத்துவர், குடற்புண் தொற்றுநோய் என்று நம்பி 1958 முதலே ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார். அவருக்குக் கிடைத்தது அபராதம்.

1979இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், இரைப்பைத் திசுவின் மேல் ஒரு நீல விளிம்பைக் கண்டு சந்தேகப்பட்டு, வெள்ளிச் சாயம் போட்டுப் பார்த்தார். சுருள் சுருளாகக் கிருமிகள். 1981இல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். கண்ணால் பார்த்தாயிற்று, இனி வளர்த்துக் காட்ட வேண்டும். முப்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் திசுக்களை வளர்ப்புத் தட்டில் பூசியும் ஒன்றும் முளைக்கவில்லை. இரண்டு நாளில் வளராத தட்டைக் கழுவிவிடுவது ஆய்வகத்தின் வழக்கம். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளைக் கழுவ ஆளில்லை. ஐந்து நாள் கிடந்த தட்டில் கிருமி முளைத்திருந்தது. அதற்கு வேண்டியிருந்தது காத்திருக்கும் ஆள் மட்டும்தான். 1984இல் மார்ஷல் அந்த வளர்ப்பைத் தாமே குடித்தார். சில நாளில் குமட்டலும் வாந்தியும் வந்தன. பத்தாம் நாள் எண்டோஸ்கோப்பியில் அவருடைய இரைப்பை அழற்சி கண்டிருந்தது. புண் வரவில்லை, அழற்சிதான் வந்தது. இதைச் சொல்லும்போது பலர் புண் வந்ததாகவே சொல்கிறார்கள். 1989இல் ஹெலிகோபாக்டர் பைலோரி என்று அதற்குப் பெயர் நிலைத்தது. 1994இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைக் காரணிகளில் சேர்த்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

தெரிந்த கதையை இவ்வளவு நேரம் சொன்னதற்குக் காரணம் உண்டு. இந்தக் கிருமியின் வரலாறு முழுக்க, எப்படித் தேடினோம் என்பதுதான் என்ன கண்டோம் என்பதைத் தீர்மானித்திருக்கிறது. இன்றும் அப்படித்தான்.

அமிலத்தில் இது எப்படிப் பிழைக்கிறது? யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாகச் சுரக்கிறது. அது நம் உடம்பில் இயல்பாக இருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியாவும் கரியமில வாயுவும் ஆக்குகிறது. அம்மோனியா அமிலத்தைத் தணிக்க, தன்னைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் கட்டிக்கொள்கிறது. அதன் உயிரைக் காக்கும் இந்த வேலையே அதைக் காட்டியும் கொடுக்கிறது. எண்டோஸ்கோப்பி அறையில் அன்றாடம் நடப்பதைப் பாருங்கள். இரைப்பையிலிருந்து எள்ளளவு திசுவைக் கிள்ளி எடுத்து, மஞ்சள் நிற ஜெல் உள்ள சிறு கிண்ணத்தில் அழுத்தி வைக்கிறோம். அந்த ஜெல்லில் யூரியாவும் நிறங்காட்டியும் இருக்கும். கிருமி இருந்தால் திசுவைச் சுற்றி முதலில் ஒரு ரோஜா நிறக் கசிவு, பிறகு கிண்ணம் முழுக்கச் சிவந்துவிடும். சிலருக்கு மேசையிலிருந்து இறங்குவதற்குள்ளேயே சிவக்கும். சிலருக்கு ஒரு நாள் ஆகும். மூச்சுப் பரிசோதனையின் அடிப்படையும் இதுவே. அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, சிறிது நேரம் கழித்து ஊதச் சொல்கிறோம். அந்தக் கார்பன் மூச்சில் வந்தால் உள்ளே யாரோ யூரியாவை உடைக்கிறார்கள் என்று பொருள். மலத்தில் கிருமியின் புரதத்தைக் கண்டறியும் பரிசோதனையும் நம்பகமானதே. குழந்தைகளுக்கும் எண்டோஸ்கோப்பி வேண்டாம் என்பவர்களுக்கும் அது உதவும்.

இவை எல்லாமே உயிரோடு, சுறுசுறுப்பாக இருக்கும் கிருமியைத்தான் காட்டும். இங்கேதான் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. காலையில் எழுந்ததும் ஒரு ‘கேஸ் மாத்திரை’. பேன்டோபிரசோலோ ஒமிப்ரசோலோ, காப்பிக்கு முன்னால் அது உள்ளே போயாக வேண்டும். வருடக்கணக்கில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அமிலம் குறைந்தால் கிருமியின் எண்ணிக்கை குறையும், அது இரைப்பையின் மேல்பகுதிக்கு நகரும், பரிசோதனை ‘இல்லை’ என்று சொல்லும். அது பொய் விடை. அந்த மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாடிக்கை நான்கு வாரமும் நிறுத்திய பிறகே பரிசோதிக்க வேண்டும். இரத்தம் கசியும் புண்ணிலும் இந்தப் பொய் விடை வரும். அப்போது கிண்ணம் மஞ்சளாக இருப்பதை நம்பி வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

பொய்யான ‘இருக்கிறது’ என்ற விடையும் உண்டு. அதை எனக்கு நெஞ்சில் பதியக் கற்றுக்கொடுத்தவர் ஒரு தையல்காரப் பெண்மணி.

ஜவுளிக்கடை மஞ்சள் பை ஒன்றில் நான்கு வருடச் சீட்டுகளைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். மேல்வயிற்று எரிச்சல். ஒரு மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார், பைலோரிக்கு எதிரான ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதம் பாசிட்டிவ். இரண்டு வாரக் கூட்டு மருந்து. எரிச்சல் மறுபடி வந்தது. அடுத்த மருத்துவர், அதே இரத்தப் பரிசோதனை, பாசிட்டிவ், அதே மருந்து. மூன்றாவது இடத்திலும் அதே. நான் சீட்டுகளை மேசையில் தேதி வாரியாகப் பரப்பினேன். மூன்றிலும் கிளாரித்ரோமைசின் இருந்தது. “சார், இந்தப் பூச்சி எனக்குள்ள சாகவே சாகாதா?” என்று கேட்டார். கடைசி மருந்து முடிந்து பல மாதம் ஆகியிருந்தது. கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, இரண்டு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை செய்தேன். கிருமி இல்லை. மலத்திலும் இல்லை. அனேகமாக முதல் முறையிலேயே அது செத்திருக்கும். இரத்தத்தில் இருந்தது கிருமியின் நினைவு. கிருமி போன பிறகும் எதிர்ப்புப் புரதம் மாதங்கள், வருடங்கள் தங்கும். “அம்மா, அது எப்பவோ செத்துப் போச்சு” என்றேன். அவர் சிரிக்கவில்லை, அழுதார். இல்லாத கிருமிக்காக இரண்டு முறை இரண்டு வாரம் ஆன்டிபயாடிக் விழுங்கியிருந்தார். அந்த மருந்துகள் அவருடைய குடலில் வாழும் மற்ற ஆயிரம் வகைக் கிருமிகளுக்கு என்ன பயிற்சி கொடுத்தன என்பதை யாரும் பார்க்கவில்லை.

அந்தச் சீட்டுகளை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தொண்ணூறுகளில் நானும் இரத்தப் பரிசோதனையை நம்பி எழுதியிருக்கிறேன். இன்று சிகிச்சையைத் தீர்மானிக்க அதற்கு இடமில்லை என்பது என் உறுதியான கருத்து.

இனி என் ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். எதற்குச் சாகும்?

தொண்ணூறுகளில் அமிலக் குறைப்பு மாத்திரையோடு கிளாரித்ரோமைசினும் அமாக்ஸிசிலினும் சேர்த்துக் கொடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்குக் குணமாகும் என்று மகிழ்ந்தோம். அந்தக் காலம் போய்விட்டது. கிளாரித்ரோமைசின் கிருமியின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துகிறது. அந்த ஒட்டும் இடத்தை எழுதி வைத்திருக்கும் மரபெழுத்துகளில் 2142ஆம் இடத்திலோ 2143ஆம் இடத்திலோ ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், மருந்து ஒட்டாது. கோடிக்கணக்கில் பெருகும் கிருமிகளில் அப்படி ஒன்று தற்செயலாக உருவாகும். நாம் மருந்து கொடுத்து மற்றவற்றைக் கொல்லும்போது, அந்த ஒன்றுக்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறோம்.

அந்த மருந்தை வயிற்றுக்காகக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. தொண்டை வலிக்கும் சளிக்கும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய அசித்ரோமைசின் அதே குடும்பம். கோவிட் காலத்தில் அது எவ்வளவு விற்றது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பேதிக்கு நம் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கும் மாத்திரையில் நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்திருக்கும். முதலாவது, லீவோஃப்ளாக்சசினுக்கு அண்ணன். இரண்டாவது, மெட்ரோனிடசோலுக்குத் தம்பி. பைலோரிக்கு நாம் வைத்திருக்கும் கையளவு மருந்துகளில் மூன்றின் கூர்மையை, அந்தக் கிருமி இருப்பதே தெரியாமல், வேறு நோய்களுக்காகத் தேய்த்துவிட்டோம். சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் எடுத்த கிருமிகளைச் சோதித்து 2003இல் வெளியான ஆய்விலேயே நான்கில் மூன்று பங்கு மெட்ரோனிடசோலுக்கு அசையவில்லை. கிளாரித்ரோமைசின் கணக்கு ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒரு நகரத்தின் எண்ணை வைத்துக்கொண்டு மற்றொரு நகரத்து நோயாளிக்கு மருந்து எழுத முடியாது. 2017இல் உலக சுகாதார நிறுவனம் புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளைப் பட்டியலிட்டபோது, கிளாரித்ரோமைசினுக்கு அடங்காத பைலோரியை இரண்டாம் படியில் வைத்தது. நூற்றில் பதினைந்து பேருக்கு மேல் இந்த எதிர்ப்பு உள்ள ஊரில் பரிசோதிக்காமல் அந்த மருந்தைத் தொடக்கூடாது என்பது இந்தக் கிருமிக்கான மாஸ்ட்ரிக்ட் வழிகாட்டுதல். உங்கள் ஊரின் எண் என்ன என்று இந்த அரங்கில் எத்தனை மருத்துவர்களால் சொல்ல முடியும்?

சிறுநீர்த் தொற்று வந்தால் கல்ச்சர் கேட்கிறோம். எந்த மருந்துக்கு அடங்கும் என்று தாள் வருகிறது. காசநோயில் முதல் நாளே, சிபிநாட் எந்திரத்தில் சளியை வைத்து, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு உண்டா என்று பார்த்துவிடுகிறோம். காசநோயை வீட்டிலிருந்தே குணமாக்கலாம் என்று ஐம்பதுகளில் உலகத்துக்கு நிறுவிக் காட்டிய ஊர் இந்தச் சென்னை. மாதந்தோறும் சளியைப் பரிசோதித்து, குணமானதைக் கண்ணால் பார்த்த பிறகே அந்த ஆய்வாளர்கள் முடிவுரை எழுதினார்கள். அப்படிப்பட்ட ஊரில் இரைப்பைக் கிருமிக்கு மட்டும் ஏன் ஊகத்தில் மருந்து எழுதுகிறோம்?

கல்ச்சர் கடினம் என்பது உண்மை. இந்தக் கிருமி செல்லப்பிள்ளை. காற்றில் உள்ள அளவு ஆக்சிஜன் இருந்தால் சாகும், ஆக்சிஜனே இல்லாவிட்டாலும் சாகும். ஐந்து விழுக்காடு ஆக்சிஜன், பத்து விழுக்காடு கரியமில வாயு, ஈரம், இரத்தம் கலந்த ஊடகம், முப்பத்தேழு டிகிரி. இத்தனையும் கொடுத்து, மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் வரை பொறுத்திருந்தால் பனித்துளிபோல் தெளிந்த சின்னஞ்சிறு புள்ளிகள் தெரியும். திசுவை எடுத்த சில மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்கவில்லையென்றால் அதுவும் இல்லை. எல்லா ஊரிலும் இது நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு மாநிலத்துக்கு இரண்டு மூன்று ஆய்வகங்கள் தொடர்ந்து இதைச் செய்து, ஆண்டுதோறும் எண்ணை வெளியிட முடியும். செய்தே ஆக வேண்டும்.

அன்றாடத்துக்கு வேறு வழி இருக்கிறது. கிளாரித்ரோமைசினுக்கும் லீவோஃப்ளாக்சசினுக்கும் எதிர்ப்பு வந்துவிட்டால், அளவைக் கூட்டியோ நாளைக் கூட்டியோ வெல்ல முடியாது. மெட்ரோனிடசோல் அப்படியல்ல. ஆய்வகத்தில் எதிர்ப்பு காட்டினாலும், பிஸ்மத்தோடு சேர்த்து முழு அளவில் இரண்டு வாரம் கொடுத்தால் பலருக்கு வேலை செய்கிறது. அமாக்ஸிசிலினுக்கும் டெட்ராசைக்ளினுக்கும் உலகின் பெரும்பகுதியில் எதிர்ப்பு குறைவு. அப்படியானால் நமக்குக் கட்டாயம் தெரிய வேண்டியவை முதல் இரண்டு மருந்துகளின் விடைதான். அந்த இரண்டும் குறிப்பிட்ட மரபெழுத்து மாற்றங்களால் வருபவை. கிருமியை வளர்க்காமலே பிசிஆரில் பார்க்கலாம். திசுவிலும் பார்க்கலாம், மலத்திலும் பார்க்கலாம். கோவிட் நமக்கு விட்டுச்சென்ற பிசிஆர் எந்திரங்கள் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கின்றன, இயக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இல்லாதது கேட்கும் பழக்கம். அது வரும்வரை, பரிசோதிக்க வழியில்லாத இடத்தில் கிளாரித்ரோமைசினை விட்டுவிட்டு, பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்துச் சிகிச்சையைப் பதினான்கு நாள் கொடுங்கள்.

ஊரிலுள்ள அத்தனை பேரையும் பரிசோதிக்கச் சொல்கிறேனோ என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் கோடிக்கணக்கானோருக்குச் சிறுவயதிலேயே, பெரும்பாலும் குடும்பத்துக்குள்ளேயே, இது தொற்றிவிடுகிறது. பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. புண் உள்ளவர்கள், இரைப்பைப் புற்றுநோய் உள்ள குடும்பத்தார், காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்கள், புண் வந்த வரலாற்றோடு ஆஸ்பிரின் தொடர வேண்டியவர்கள், இவர்களை விட்டுவிடக் கூடாது. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் நெடுங்காலம் ஆண்களின் முதல் புற்றுநோயாக இருந்தது இரைப்பைப் புற்றுநோய் என்பதை மறக்கவும் கூடாது. தைவானைச் சேர்ந்த மாட்சு தீவுகளில் 2004 முதல் முப்பது வயதும் அதற்கு மேலும் உள்ள ஊர் மக்களை மூச்சுப் பரிசோதனை செய்து சிகிச்சை கொடுத்தார்கள். இரைப்பைப் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அவர்கள் மருந்து கொடுத்ததோடு நிற்கவில்லை. கிருமி போயிற்றா என்று திரும்பவும் ஊதச் சொன்னார்கள், போகாதவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள்.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். பொதுமக்களுக்கு: பழைய சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். தொண்டைக்கும் பேதிக்கும் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கின் பெயரையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தினமும் போடும் கேஸ் மாத்திரையைச் சொல்ல மறக்காதீர்கள். மருத்துவர்களுக்கு: மருந்துச் சீட்டின் அடியில், “மருந்து முடிந்து நான்கு வாரம் கழித்து மூச்சு அல்லது மலப் பரிசோதனை” என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

மாணவர்களுக்கு ஒன்று. சிவந்துபோன அந்த ஜெல் கிண்ணத்தை எண்டோஸ்கோப்பி அறையில் விடை பார்த்ததும் குப்பையில் போட்டுவிடுகிறோம். அதற்குள் இருக்கும் எள்ளளவு திசுவிலிருந்தே கிருமியின் மரபணுவைப் பிரித்து, எதிர்ப்பு உண்டா என்று பிசிஆரில் பார்க்க முடியும். புதிதாகக் கிள்ள வேண்டியதில்லை, நோயாளியை மறுபடி படுக்க வைக்க வேண்டியதில்லை. நாளைக் காலை உங்கள் அறையில் சிவக்கும் முதல் கிண்ணத்தின்மேல் பெயரும் தேதியும் எழுதி, நுண்ணுயிரியல் துறைக்கு எடுத்துக்கொண்டு நடங்கள்.